வட்டவளையிலிருந்து ஐரோப்பாவை நோக்குதல்

'சமகால ஐரோப்பாவின் அரசியற் சவால்கள்' என்னும் பொருளில், ஒரு வாரத்திலோ இரு வாரங்களிலோ முடிவுறும் செறிவான குறுங்காலப் பாடநெறிகள் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் நடத்தப்படுகின்றன. ஐரோப்பிய ஒருங்கிணைவு பற்றிய கல்வியை ஊக்குவித்தற்கென 1989ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜீன் மொனே திட்டம், ஐரோப்பாவுக்கு வெளியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் நிதியுதவி வழங்கி வருகின்றது. இத்தகைய பாடநெறிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒன்றியத்தின் தோற்றம், குடிபெயர்வு நெருக்கடி, பிரித்தானியாவின் வெளியேற்றம், தீவிர வலதுசாரிக் கட்சிகளின் எழுச்சி, உக்ரேன் போர் என நாளுக்கொரு தலைப்பாக அடுக்கப்பட்டு, இறுதியில் ஒரு சான்றிதழோடு நிறைவுறும். இத்தகைய பாடநெறியொன்று இலங்கைப் பல்கலைக்கழகமொன்றின் கலைப்பீடத்துக்கு வருமாயின் அதனை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் வினா, அது வந்து சேருமுன்னரே எழுப்பப்பட வேண்டியதாகும்.

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் வழக்கிலுள்ளன. ஒரு சாரார், ஐரோப்பாவே மக்களாட்சிக்கும் மனித உரிமைக்கும் முன்மாதிரி. அதனைக் கற்றுப் பின்பற்றுதலே மாணவர் கடன் என்பர். மறு சாரார், லயத்துக் காம்பராவின் கூரை ஒழுகிக்கொண்டிருக்கையில் பிரசெல்ஸ் நகரத்து விவகாரம் எதற்கு, சம்பளமும் காணியும் வீடும் பற்றிப் படித்தாற் போதாதா என்பர். முன்னவர் ஐரோப்பாவை வணங்குகின்றனர், பின்னவர் ஒதுக்குகின்றனர். எனினும் இரு சாராரும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றனர். ஐரோப்பிய அரசியல் அங்கு நிகழ்வது, தோட்டத்து வாழ்வு இங்கு நிகழ்வது, இரண்டுக்குமிடையே இருப்பது தூரம் ஒன்றே என்பது அவ்வெடுகோள். அது பிழையானது. ஐரோப்பா தனக்குப் புதிதாக நேர்ந்தனவென இன்று பேசும் சவால்களுட் பல மலையகத்தில் முன்னரே நிகழ்ந்தவை; அவை நிகழ்ந்ததில் ஐரோப்பாவுக்கும் பங்குண்டு. ஆதலின் அப்பாடநெறி இந்நாட்டில் நடத்தப்படுமாயின் அது வட்டவளை போன்றதோர் ஊரிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வாறு தொடங்காத பாடநெறி நடைபெறாதிருத்தலே நன்று.

வட்டவளை எதற்காக என்று வினவலாம். அது கொழும்பு–பதுளை இருப்புப் பாதையில் நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் இடையே அமைந்த சிற்றூர். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறுவது. வரலாற்று நூல்களில் தனித்துப் பெயர் பெறும் பெருநிகழ்ச்சி எதுவும் அங்கு நடைபெற்றதாக எவரும் எழுதுவதில்லை. அதுவே அதனைத் தெரிந்தெடுத்தற்குக் காரணமுமாகும். மலையகத்தின் எந்தப் புகையிரத நிலையத்தில் நின்று நோக்கினும் புலப்படுவனவே அங்கும் புலப்படும். அப்பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பயணிகளின் வசதிக்காக அது மலையேறவில்லை. தோட்டத்து விளைபொருளைத் துறைமுகத்துக்கு இறக்குதற்காகவே ஏறியது. தோட்டங்களின் மூலதனம் இலண்டனிலும் ஸ்கொட்லாந்திலுமிருந்து வந்தது. உழைப்பு திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய தமிழக மாவட்டங்களிலிருந்து வந்தது. விளைந்த தேயிலையின் விலை இலண்டன் ஏலத்தில் கூறப்பட்டது. அவ்வேலம் 1998இலேயே மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1940இல் பிரித்தானியா தன் மக்களுக்குத் தேயிலையைப் பங்கீடு செய்தது. அப்பங்கீடு 1952 வரை நீடித்தது. அங்கு ஒருவருக்கு வாரத்தில் எத்தனை அவுன்ஸ் என்று தீர்மானிக்கப்பட்டபோது, இங்கு மலைச்சரிவில் கொழுந்து கிள்ளியவளின் நாளும் அதனுடன் சேர்த்தே தீர்மானிக்கப்பட்டது. இவ்வாறிருக்க, ஐரோப்பிய அரசியல் தொலைவிலுள்ளதெனக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

முதலிற் குடியுரிமையை நோக்குதல் தகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டில் பிறந்தவனாயினும் தன் தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர் என்றோ நிறுவினாலன்றி வழிவழிக் குடிமகனாதல் இயலாது என்பது அதன் சாரம். பிறப்புப் பதிவு முறையாக வாய்க்காத லயத்து வாழ்விலிருந்து இத்தகைய நிரூபணத்தைக் கேட்பது, இல்லாததைக் கேட்டுவிட்டு இல்லையென்று தண்டிப்பதற்கு ஒப்பானது. சட்டம் நடைமுறைக்கு வந்து இருபத்தைந்தாம் நாள், 1948 டிசெம்பர் 10இல், பாரிஸ் நகரில் மனித உரிமைகளின் உலகப் பிரகடனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேசியத்துவம் உரியது என்பது அதன் 15ஆம் உறுப்புரை. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட தேர்தற் திருத்தச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையும் பறிபோயிற்று. மனித உரிமைப் பிரகடனத்தை ஐரோப்பியப் பாடநெறியின் முதல் நாட் பெருமையாகக் கற்பிப்போர், அதே குளிர்காலத்தில் இம்மலைகளில் நிகழ்ந்ததை அடிக்குறிப்பாகவேனும் சேர்ப்பதில்லை.

இனி லத்வியாவை நோக்குக. 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட அந்நாடு, 1940க்கு முன்பு குடிமக்களாயிருந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே குடியுரிமையைத் தாமாகவே கிடைக்கச் செய்தது. சோவியத் காலத்தில் குடியேறிய இலட்சக்கணக்கானோர் 'குடிமக்களல்லாதோர்' எனத் தனி வகையாயினர், அவர்களுக்கு வாக்கில்லை. அவர்தம் பிள்ளைகள் பிறக்கும்போதே குடிமக்களாகப் பதியப்படும் ஏற்பாடு 2020ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதை மறைத்தல் ஆகாது. லத்வியாவிற் குடியேறியோருட் பலர் ஆளும் வல்லரசின் நிழலில் வந்தோர். மலையகத்துக்கு வந்தோரோ ஆளும் வல்லரசின் கூலிகளாக வந்தோர். ஆயினும் மூதாதையரின் பிறப்பைக் கொண்டு இன்றைய மனிதனின் உரிமையை அளக்கும் கோல் ஒன்றே. அக்கோல் என்ன செய்யும், எத்தனை தலைமுறைகளைத் தின்னும் என்பதை அறிய விரும்பும் ஐரோப்பிய மாணவனுக்கு மலையகம் ஓர் ஆவணக் களஞ்சியம். 1964, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தமும் சட்டங்களுமாக, இழந்ததை மீட்க இங்கு 55 ஆண்டுகள் சென்றன.

பிரித்தானியாவின் விண்ட்ரஷ் விவகாரமும் இதே இனத்தது. கரிபியன் தீவுகளிலிருந்து பிரித்தானியக் குடிகளாகவே சென்று அரை நூற்றாண்டு உழைத்தோர், தம் வதிவுரிமையை ஆவணத்தால் நிறுவுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் வந்திறங்கியமைக்குச் சான்றான அட்டைகளை 2010இல் உள்துறை அமைச்சே அழித்திருந்தது. 2018இல் அது வெளிப்பட்டபோது அந்நாடு அதிர்ச்சியடைந்தது. ஆவணத்தை வைத்திராத அரசு, வைத்திராமைக்காகக் குடிமகனைத் தண்டிக்கும் வித்தை மலையகத்தாருக்கு அதிர்ச்சி தருவதன்று. அவர்தம் பாட்டன்மார் அதனை நன்கறிவர்.

நீதிமன்றத்தின் கதையும் உண்டு. குடியுரிமை, தேர்தற் சட்டங்கள் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறியவை என்று கோடாக்கன் பிள்ளை தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. ஒரு சமூகத்துக்கு மட்டும் இடர் விளைக்கும் சட்டத்தை அப்பிரிவு தடுத்திருந்தது. தன் குடிமக்கள் யாவர் என வகுப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்னும் நிலைப்பாட்டுடன் 1953இல் அவ்வழக்குத் தள்ளப்பட்டது. அதே பத்தாண்டில், 1959இல், மேற்கு ஐரோப்பியர் தமக்கென ஸ்ட்ராஸ்பர்க்கில் மனித உரிமை நீதிமன்றமொன்றை நிறுவினர். தன் அரசுக்கு மேலான மன்றத்தில் தனிமனிதன் தன் அரசையே நிறுத்தி வினவும் வழி அங்குத் திறந்தது. ஐரோப்பாவிடம் கற்கத்தக்கது எதுவுமில்லை என்போருக்கு இதுவே விடை. தெற்காசியாவுக்கு இன்றுவரை அத்தகைய மன்றம் இல்லை. ஆயினும் ஐரோப்பா தன் பிள்ளைகளுக்கு ஒரு நீதியும், தன் குடியேற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு மற்றொரு நீதியும் வைத்திருந்தது என்பதையும் அதே வகுப்பிற் கற்பித்தல் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுத்தல் கல்வியாகாது, விளம்பரமாகும்.

மூன்றாவதாக, மக்களை எண்ணிக்கையாக்கும் ஒப்பந்தங்கள். 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்க்கப்பட வேண்டிய மீதி. அம்மீதி 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஏழு பேர் அங்கு சென்றால் நால்வருக்கு இங்கு குடியுரிமை என்னும் விகிதம் அரிசிப் பங்கீட்டை நினைவூட்டும். 2016 மார்ச்சு 18இல் ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் வெளியிட்ட கூட்டறிக்கையை இதனருகில் வைத்துப் படித்தல் வேண்டும். கிரேக்கத் தீவுகளிலிருந்து திருப்பியனுப்பப்படும் ஒவ்வொரு சிரியருக்கும் ஈடாகத் துருக்கியிலிருந்து ஒரு சிரியர் ஐரோப்பாவிற் குடியமர்த்தப்படுவார் என்பது அதன் கணக்கு. புகலிடம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பப் பிரித்தானியா 2022இல் செய்த ஏற்பாடு 2023இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தால் சட்டவிரோதமெனக் கொள்ளப்பட்டு, 2024இல் கைவிடப்பட்டது. 2023 நவம்பரில் ஜேர்மனியின் பொற்ஸ்டாம் நகரருகே தீவிர வலதுசாரிகள் கூடி, வேற்றுநாட்டு மூலமுடையோரைப் பெருந்தொகையில் வெளியேற்றும் திட்டத்தைப் பேசினர். குடியுரிமை பெற்றோரையும் அப்பேச்சு விட்டுவைக்கவில்லை. 'ரீமிக்ரேஷன்' என்று அவர்கள் அதற்கிட்ட பெயர், அவ்வாண்டின் தகாச்சொல்லாக ஜேர்மன் மொழியறிஞரால் அறிவிக்கப்பட்டது. 2024 சனவரியில் செய்தி வெளியானதும் இலட்சக்கணக்கானோர் வீதிக்கிறங்கினர்.

மலையகத்தில் இதற்கு 'தாயகம் திரும்புதல்' என்னும் இனிய பெயர் சூட்டப்பட்டிருந்தது. தாம் பிறவாத தாயகத்துக்கு மக்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மக்களோ 'அழுகைக் கோச்சி' என்றனர். ஹட்டனிற் புறப்பட்டுத் தலைமன்னார் நோக்கிச் சென்ற அக்கோச்சி வட்டவளை நிலையத்தைக் கடந்தது, நாவலப்பிட்டியைக் கடந்தது, பேராதனைச் சந்தியையும் கடந்தது. பல்கலைக்கழகத்தின் அயலிலே அது சென்றது. ஜேர்மானியர் ஒரு கூட்டத்தின் பேச்சைக் கேட்டே வீதிக்கிறங்கினர். இங்கோ பேச்சு ஒப்பந்தமாகி, ஒப்பந்தம் சட்டமாகி, சட்டம் புகையிரதமாகி ஆண்டுக்கணக்கில் ஓடிற்று. ஐரோப்பாவின் வலதுசாரி எழுச்சியை ஆராய வரும் விரிவுரையாளர் எவரும் இவ்வொப்பீட்டைத் தவிர்த்தல் நேர்மையாகாது. 'இது எங்கேனும் நிறைவேற்றப்பட்டதுண்டா?' என்று ஐரோப்பிய மாணவன் கேட்டால், நிறைவேற்றப்பட்ட இடத்தின் வரைபடத்தைக் காட்டக்கூடியவர் இங்குள்ளனர்.

நான்காவது, உழைப்பு. இத்தாலியின் தக்காளித் தோட்டங்களில் புலம்பெயர்ந்த தொழிலாளரை இடைத்தரகர் திரட்டிச் சென்று கூலியில் கழிவு கொள்ளும் முறைக்கு 'கப்பொராலாத்தோ' என்று பெயர். அதனை ஒடுக்க 2016இல் அங்குக் கடுஞ்சட்டம் இயற்றப்பட்டது. கங்காணி முறையையும், கடனைத் தாளில் எழுதித் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறையையும் அறிந்தவர்க்கு இதில் விளங்காதது எதுவுமில்லை. ஹட்டனை நிலைக்களனாகக் கொண்டு 1930களில் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய கோ. நடேசையரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாளும் எதிர்த்தது இக்கட்டமைப்பையே. ஐரோப்பிய அரசியலில் உழைப்பின் நெருக்கடியை விளக்கும் பாடத்தில் இவ்விருவரின் பெயர்கள் இடம்பெறாமைக்கு அறிவுசார்ந்த காரணம் எதுவும் இல்லை.

இதனோடு வணிகச் சலுகையையும் சேர்த்தல் வேண்டும். 2005இல் இலங்கை பெற்ற ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010இல் நிறுத்தப்பட்டு 2017இல் மீண்டும் வழங்கப்பட்டது. இருபத்தேழு சர்வதேச உடன்படிக்கைகளைப் பேணுவதே அதன் நிபந்தனை. பெரும்பயன் அடைந்தது ஆடைத் தொழில். தோட்டத் தொழிலாளரின் உரிமைகள் பேச்சுவார்த்தை மேசையில் எடுத்துக்காட்டாக வைக்கப்படும். பயன் வேறிடம் செல்லும். பிரான்சின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும், 2023இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் வழங்கற்சங்கிலிச் சட்டமும், தாம் வாங்கும் பொருள் எவ்வாறு விளைந்தது என்பதற்குப் பெருங்கம்பனிகளைப் பொறுப்பாக்க முயன்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கெனப் பொதுவான பணிப்புரையொன்றை நிறைவேற்றியது. மறு ஆண்டே, ஐரோப்பியத் தொழில்துறையின் போட்டித்திறன் என்னும் பெயரால் அதன் நடைமுறை பிற்போடப்பட்டது. வரம்பைச் சுருக்கும் முயற்சியும் எழுந்தது. இது ஐரோப்பாவின் உள்விவகாரமா? மலையகத் தொழிலாளி அங்கு வாக்களிப்பதில்லை. அவ்விவாதத்தில் அவள் பெயரும் இல்லை. எனினும் அவளது கூடையின் நிறை அவ்விவாதத்தில் ஒரு தட்டில் இருக்கின்றது.

இவற்றுக்கு மறுப்புக் கூறுவார் உளர். மலையகத்தின் துயரைக் கொண்டு உலகம் அனைத்தையும் அளப்பது குறுகிய நோக்கு என்பர் சிலர். பாரிஸையும் பேர்லினையும் கொண்டு உலகம் அனைத்தையும் அளப்பது மட்டும் எவ்வாறு விரிந்த நோக்காயிற்று? 1931இல் இலங்கை சர்வசன வாக்குரிமை பெற்றபோது, இந்தியத் தொழிலாளருக்கு வதிவிடக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டிருந்தும், தோட்டத்துப் பெண்கள் பலர் வாக்காளராயினர். அன்று பிரான்சியப் பெண்ணுக்கு வாக்கில்லை; 1944இலேயே அவ்வுரிமை அவளுக்கு ஏற்கப்பட்டது. சுவிற்சர்லாந்துப் பெண் தேசியத் தேர்தல் உரிமைக்கு 1971 வரை காத்திருந்தாள். இவ்வுண்மை ஒன்றே, மக்களாட்சி ஐரோப்பாவிற் பிறந்து கிழக்கு நோக்கி நடந்து வந்தது என்னும் பாடப்புத்தகக் கதையை ஐயுறப் போதுமானது.

வேறு சிலர், இரு வாரங்களில் இவ்வளவும் கற்பிக்க இயலாது என்பர். உண்மை. அதனாலேயே தெரிவு வேண்டும் என்பது இங்கு வலியுறுத்தப்படுகின்றது. நாளுக்கொரு நெருக்கடி என்று பத்து நெருக்கடிகளை ஓடிக் கடக்கும் மாணவன் செய்தித்தாளின் தலைப்புகளையே அறிகின்றான். குடியுரிமை என்னும் ஒன்றை மட்டும் எடுத்து, 1948இன் வட்டவளையிலிருந்து 1991இன் ரீகா வரை பத்து நாட்கள் ஆழ்ந்து படிப்பவன், மற்ற ஒன்பதையும் தானே படிக்கும் ஆற்றலைப் பெறுகின்றான். குறுங்காலப் பாடநெறியின் குறைபாடு அதன் காலத்தில் இல்லை; அனைத்தையும் காட்டிவிட வேண்டும் என்னும் ஆசையில் உள்ளது.

இன்னும் சிலர், ஆங்கிலத்திலன்றி இதனைக் கற்பிக்க முடியாது என்பர். 1960களில் இந்நாட்டுக் கலைப்பீடங்கள் தாய்மொழிக் கல்விக்கு மாறியபோதும் இதே குரல் எழுந்தது. கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன, பாடங்கள் நடந்தன. ஆங்கில அறிவு வேண்டாம் என்று எவரும் வாதிடவில்லை. ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறும் பாடநெறி, தோட்டப் பாடசாலையில் தமிழ்வழி படித்து வந்த மாணவியைக் கேட்போராக அமர்த்துகின்றது. கேள்வி கேட்போராக அமர்த்துவதில்லை. எந்தச் சமூகத்தின் அனுபவம் அப்பாடத்துக்கு மிகவும் தேவையோ, அச்சமூகத்தின் பிள்ளையே அங்கு வாய்மூடி இருக்க நேர்வது சிறு குறையன்று. பாடநெறியையே பயனற்றதாக்கும் குறை.

எனவே கோரத்தக்கவை தெளிவானவை. பாடநெறியின் முதல் அலகு 1948 நவம்பர், டிசெம்பர் மாதங்களாதல் வேண்டும். கொழும்பும் பாரிஸும் அருகருகே வைத்துப் படிக்கப்பட வேண்டும். அதன் ஒரு பகுதியேனும் ஹட்டன், வட்டவளைப் பகுதியில், தமிழில், தொழிலாளரும் தொழிற்சங்கத்தாரும் கேட்கவும் பேசவும் கூடிய அவையில் நடைபெற வேண்டும். பிரசாவுரிமைச் சான்றிதழ், கடவுச்சீட்டு, விண்ணப்பம் மறுக்கப்பட்ட கடிதம் என வீட்டுப் பெட்டிகளில் மடிந்து கிடக்கும் தாள்கள், உரியோரின் இசைவுடன் பாடமூலங்களாதல் வேண்டும். வருகைதரு விரிவுரையாளர் கற்பித்துச் செல்வதோடு அமையாது, கற்றும் செல்ல வேண்டும். இறுதியில் வழங்கப்படும் சான்றிதழ், ஒப்பீட்டாய்வுக் கட்டுரையொன்றை எழுதினோருக்கே உரியதாதல் வேண்டும்.

இவை நிதி வழங்குவோரிடம் இரந்து கேட்கும் சலுகைகள் அல்ல. குடியுரிமையின்மை இன்னது என்பதை அரை நூற்றாண்டு அனுபவித்து, அதிலிருந்து மீண்ட மக்கள் தொகுதி உலகில் அதிகமில்லை. அவ்வறிவு ஐரோப்பாவுக்கு இன்று தேவைப்படுகின்றது. அதனைக் கொடுக்கும் நிலையில் மலையகம் இருக்கின்றது. கொடுப்பதற்குத் தடையாக இருப்பது, தன் அயலிலே கடந்து சென்ற கோச்சியைப் பாடமாகக் கருதாத கல்விமுறையே. அம்முறையைத் திருத்தும் பொறுப்பு பிரசெல்ஸுக்கு உரியதன்று. இந்நாட்டுக் கலைப்பீடங்களுக்கும், அங்கு பயிலும் மாணவருக்கும் உரியது.